சொத்தைக் கடலை

வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றை முழுதாகத் தின்று தீர்த்தவர்களுக்கு அந்தக் கசப்பு தெரியும். இருபது பருப்பு நன்றாக இருந்திருக்கும். இருபத்தோராவது நாக்கில் பட்டதும் முகம் கோணிவிடும். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் துப்பிவிடுவோம். நாலு பேர் நடுவில் இருந்தால் கௌரவம் பார்த்து விழுங்கிவிட்டு, உடனே ஒரு நல்ல கடலையைப் போட்டு வாயைச் சரிசெய்துகொள்வோம். இந்த அத்தியாயம் அந்தக் கௌரவத்துக்கு எதிரானது.

கசப்புதான் நஞ்சு என்று நினைத்துவிட வேண்டாம். அஃப்ளாடாக்சின் என்கிற அந்த நஞ்சுக்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. பூஞ்சணம் ஏறிய பருப்பில் எண்ணெய் காறிப்போய்க் கசக்கிறது. பூஞ்சணம் ஏறிய பருப்பில்தான் அஃப்ளாடாக்சினும் உண்டாகிறது. ஆக, கசப்பு குற்றவாளி அல்ல, குற்றவாளியோடு சுற்றித் திரிகிற ஆள். அவனைக் கண்டால் மற்றவனும் பக்கத்தில் இருக்கக்கூடும் என்று உஷாராவது நல்லது. அவனைக் காணோம் என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

1960இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் வான்கோழிக் குஞ்சுகள் சாக ஆரம்பித்தன. சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தன. கிருமி எதுவும் அகப்படவில்லை. அதனால் நோய்க்குப் பெயரும் கிடைக்காமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் துப்பு தீவனத்தில் கிடைத்தது. பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கு. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. அந்தப் பெயரைச் சுருக்கி ஒட்டியதுதான் அஃப்ளாடாக்சின். புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிர்ந்ததை ‘பி’ என்றும் பச்சையாக ஒளிர்ந்ததை ‘ஜி’ என்றும் பிரித்தார்கள். இவற்றில் பி1 பொல்லாதது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று தெரிந்த பொருள்களின் முதல் பிரிவில், புகையிலைப் புகையோடு சேர்த்து அதை வைத்திருக்கிறார்கள்.

இது வெள்ளைக்காரன் கோழிக் கதை அல்ல. 1974இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பருவம் தப்பிய மழை பெய்து மக்காச்சோளம் நனைந்தது. பழங்குடிக் குடும்பங்களிடம் சாப்பிட இருந்தது அந்தச் சோளம்தான். சில வாரங்களில் காமாலை வந்தது, வயிற்றில் நீர் கோத்தது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் போய்க் கணக்கெடுத்தார்கள். நோயுற்றவர்கள் 397 பேர், இறந்தவர்கள் 106 பேர். அந்த வீடுகளில் மிச்சம் மீதியைத் தின்ற நாய்களுக்கும் அதே காமாலை.

அப்படி ஒரே மூச்சில் கொல்வது அபூர்வம். வழக்கமாக அது அவசரப்படுவதில்லை. இன்று கொஞ்சம், அடுத்த மாதம் கொஞ்சம் என்று வருஷக்கணக்கில் கல்லீரலோடு வேலை பார்க்கிறது. அந்த வேலை நடக்கிற விதம், ‘உடம்பிலிருந்து நச்சை வெளியேற்றுங்கள்’ என்று விற்கப்படுகிற எல்லாவற்றையும் பார்த்துச் சிரிக்க வைக்கும்.

கொழுப்பில் கரைகிற வேண்டாத பொருள் எதுவும் உடம்பைவிட்டு எளிதில் போகாது. அதைத் தண்ணீரில் கரையும்படி மாற்றினால்தான் சிறுநீரில் தள்ள முடியும். அந்த மாற்றும் வேலை கல்லீரலுடையது. முதல் படியில், சைட்டோகுரோம் குடும்பத்து நொதிகள் அந்தப் பொருளின் மேல் ஓர் ஆக்ஸிஜன் அணுவைப் பொருத்துகின்றன. அடுத்த படியில் குளூட்டாதயோன் போன்ற ஒன்று வந்து அந்த ஆக்ஸிஜனைப் பிடிமானமாகக் கொண்டு ஒட்டிக்கொள்கிறது. பிறகு கழுவித் தள்ளிவிடலாம். நூற்றுக்கணக்கான பொருள்களுக்கு இந்த ஏற்பாடு அழகாக நடக்கிறது. ஆனால் அஃப்ளாடாக்சின் பி1 முதல் படியிலேயே துரோகம் செய்கிறது. ஆக்ஸிஜன் ஏறியதும் அது முன்பைவிட மூர்க்கமாகிவிடும். குளூட்டாதயோன் வந்து பிடிப்பதற்குள் பக்கத்தில் இருக்கிற டி.என்.ஏ.வில் குவானின் என்ற எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். செல் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கிற பி53 என்ற மரபணு உண்டு. அதில் 249ஆம் இடத்தில் விழுகிற ஒரு குறிப்பிட்ட எழுத்துப்பிழை, அஃப்ளாடாக்சின் அதிகம் உண்கிற வட்டாரங்களின் கல்லீரல் புற்றுக்கட்டிகளில் திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. சுத்தம் செய்ய வந்த கையே கத்தியைத் தீட்டிக் கொடுக்கிறது.

ஆகவே ஏழு நாள் ஜூஸ், வெறும் வயிற்றில் பச்சைச் சாறு, கல்லீரலைத் ‘தூண்டிவிடும்’ மாத்திரை என்று யாராவது நீட்டினால், எந்தப் படியைத் தூண்டப்போகிறாய் என்று கேட்டுவிடுங்கள். முதல் படியா, இரண்டாவதா? பதில் வராது.

நியாயமாக, ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த ஒரு பானத்தையும் சொல்லிவிட வேண்டும். சீனாவின் யாங்சே நதி கடலில் கலக்கும் இடத்தில் கிடோங் என்ற ஊர். ஒரு காலத்தில் கல்லீரல் புற்றுக்குப் பேர்போன வட்டாரம். அங்கே முளைவிட்ட புரோக்கோலியைக் கஷாயமாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். கோஸ், முள்ளங்கி, கடுகு குடும்பத்துக்கே உரிய ஒரு கந்தகப் பொருள் அதில் அதிகம், அது இரண்டாம் படியின் நொதிகளைக் கூட்டுகிறது. 291 பேரை வைத்து 12 வாரம் நடத்திய சோதனையில், காற்றிலிருந்து உடம்புக்குள் போன பென்சீன் சிறுநீரில் வெளியேறும் அளவு 61 சதவீதம் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் அதற்கு முன்பு அஃப்ளாடாக்சினைக் குறிவைத்து அதே வட்டாரத்தில் நடத்திய சோதனையில், கஷாயம் குடித்த கூட்டத்துக்கும் வெறும் பானம் குடித்த கூட்டத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. முட்டைக்கோஸ் பொரியல் சாப்பிடுவதற்கு இது காரணமாகலாம். பூசணம் பிடித்த கடலையைத் தின்றுவிட்டு முட்டைக்கோஸ் சாப்பிடுவதற்குக் காரணமாகாது.

கிடோங்கில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது கஷாயம் அல்ல. 1980களில் சந்தைக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் மக்கள் மக்காச்சோளத்தை விட்டு அரிசிக்கு மாறினார்கள். சோளத்தில் இந்தப் பூஞ்சை குடியேறுவது எளிது, அரிசியில் குறைவு. பிறகு வந்த ஆண்டுகளில் இரத்தத்தில் அஃப்ளாடாக்சின் தடயம் வீழ்ந்தது, கல்லீரல் புற்று மரணமும் இறங்கியது. தடுப்பூசி வருவதற்கு முன் பிறந்தவர்களிடையே கூட அந்த இறக்கம் இருந்தது. நஞ்சு வெளியேறவில்லை, வரவு நின்றது. இந்த அத்தியாயத்தில் எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒரு வித்தியாசம்தான்.

தடுப்பூசி என்றேனே, அது என்ன? ஷாங்காயில் 18,000க்கும் அதிகமான ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1994இல் வெளிவந்தது. அஃப்ளாடாக்சின் தடயம் மட்டும் இருந்தவர்களுக்குக் கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு. ஹெபடைடிஸ் பி வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்கு? கூட்டினால் 10, பெருக்கினால் 21. ஆய்வில் வந்தது ஏறத்தாழ 60. வைரஸ் கல்லீரல் செல்களைச் சாகடித்துக்கொண்டே இருக்கிறது, செத்த இடத்தை நிரப்பப் புதுச் செல்கள் அவசர அவசரமாகப் பிரிகின்றன, அந்த அவசரத்தில் டி.என்.ஏ. எழுத்துப்பிழை திருத்தப்படாமலே நகலாகிவிடுகிறது. அதனால், ஒரு குழந்தையை அஃப்ளாடாக்சினிடமிருந்து காப்பாற்ற ஒரே ஒரு காரியம்தான் செய்யலாம் என்று என்னிடம் சொன்னால், கடலையைக்கூட விட்டுவிடுவேன். பிறந்து 24 மணி நேரத்துக்குள் போடுகிற ஹெபடைடிஸ் பி ஊசியைத் தேர்ந்தெடுப்பேன். இந்தியா முழுவதும் 2011 முதல் அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது. ‘நச்சில்லா வாழ்க்கை’ என்று தலைப்பிட்ட எந்தப் பட்டியலிலும் இதை நான் பார்த்ததில்லை. அதில் காசு இல்லை போலும்.

இனி கடலைக்கு வருவோம். மல்லாட்டை, வேர்க்கடலை, எப்படி அழைத்தாலும் சரி, நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஒரு படி கடலையில் சில பருப்புகளில் மட்டும் குவிந்து கிடக்கும். சூம்பியது, நிறம் மாறியது, பூச்சி துளைத்தது, தோல் உரிந்து உடைந்தது. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் செடி வறட்சியில் வாடினாலோ, பிடுங்கிய காய் சரியாகக் காயாமல் மூட்டையில் ஏறினாலோ இந்த வகைப் பருப்பு பெருகும். முறத்தில் பரப்பிப் பொறுக்குகிற பழைய பழக்கம் பலிப்பதற்கு இந்தச் சமமின்மைதான் காரணம். ஏற்றுமதிக் கிடங்குகளில் கேமரா வைத்த எந்திரங்கள் நிறம் பார்த்துக் காற்றை ஊதித் தள்ளுவதும் இதே முறத்து வேலைதான், வேகம் மட்டும் அதிகம். முழுப் பருப்பாக வாங்கிக் கண்ணால் பார்த்துப் பொறுக்கலாம். பொடியான பிறகு எந்தக் கண்ணும் உதவாது. அதனால் யார் அரைத்தது என்று தெரியாத கடலைப் பொடியும், உதிரியாக அளந்து தருகிற மிளகாய்த் தூளும் என் வீட்டுக்கு வருவதில்லை. மிளகாயிலும் இந்தப் பூஞ்சை வளரும், கொப்பரையிலும் வளரும்.

வறுத்தால் போகாதா? கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. 200 டிகிரிக்கு மேலேயும் தாக்குப்பிடிக்கிற மூலக்கூறு அது. கொதிநீர் அதற்கு வெந்நீர்க் குளியல்.

மரச்செக்கு அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலையை ஆட்டும்போது அஃப்ளாடாக்சினில் பெரும்பகுதி புண்ணாக்கோடு தங்கிவிடும், கொஞ்சம் எண்ணெயிலும் வரும். ஆலையில் காரம் சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அந்தக் கொஞ்சமும் நீங்குகிறது. செக்கெண்ணெயில் அந்தப் படி கிடையாது. எண்ணெயின் மணத்தை நான் குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் அதுதான். செக்கில் போட்ட கடலை எப்படி இருந்தது என்பதே அந்த எண்ணெயின் தரம். எதிரில் ஆட்டித் தருகிற கடையானால், எண்ணெயை முகர்வதற்கு முன் சாக்கைப் பிரித்துக் கடலையைப் பாருங்கள்.

புண்ணாக்கோடு தங்கிய நஞ்சு அங்கேயே முடிவதில்லை. அது மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. பசு தின்ற பி1இல் நூற்றுக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை, எம்1 என்று சற்றே உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. பால் என்றதும் எல்லோரும் யூரியா, சோப்புத்தூள் கலப்படத்தை எதிர்பார்த்தார்கள். அந்த மாதிரிக் கலப்படம் அகப்பட்டது மிகச் சொற்பம். அளவுக்கு மீறி அகப்பட்டது அஃப்ளாடாக்சின் எம்1, 5.7 சதவீத மாதிரிகளில். மாநிலங்களில் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 551 மாதிரிகளில் 88. நாம் பால்காரர் தண்ணீர் ஊற்றுகிறாரா என்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தோம். தவறோ, மாட்டுக்கான புண்ணாக்கைப் போட்டுவைத்த ஈரத் தரையில் இருந்தது. நமக்குச் சாப்பிட லாயக்கில்லை என்று ஒதுக்கிய சொத்தைக் கடலையை ‘மாட்டுக்குப் போடு’ என்று சொல்வோமே, அது ஒரு சுற்று சுற்றி மறுநாள் காப்பியில் வருகிறது. பொறுக்கியதைக் குப்பையில் போட்டுவிடுங்கள்.

பூஞ்சணத்தையாவது கண்ணால் பார்க்கலாம். சோற்றில் வருகிற ஆர்சனிக்கைப் பார்க்க வழியில்லை. நெல் தண்ணீரில் நிற்கிற பயிர். தேங்கிய நீரில் மண்ணுக்குக் காற்று கிடைக்காதபோது, மண்ணோடு பிணைந்திருக்கிற ஆர்சனிக் அவிழ்ந்து கரைகிறது. கரைந்த வடிவம் பார்ப்பதற்கு சிலிக்கான் மாதிரியே இருப்பதால், தண்டுக்கு விறைப்பு தரும் சிலிக்கானை இழுக்கிற அதே வாசல் வழியாக நெல் அதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. வங்கதேசம், மேற்கு வங்கம் போல நிலத்தடி நீரிலேயே ஆர்சனிக் உள்ள இடங்களில் இது பெரிய பிரச்சினை. நம் பக்கம் அவ்வளவு இல்லை. இருந்தாலும் மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் காது கொடுக்கலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2020இல் ஒரு முறையைச் சோதித்தார்கள். கொதிக்கிற தண்ணீரில் அரிசியை ஐந்து நிமிஷம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டு வேகவைப்பது. வெள்ளை அரிசியில் 73 சதவீத ஆர்சனிக் போயிற்று, பழுப்பு அரிசியில் 54. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நிறையத் தண்ணீர் வைத்து வடிக்கிற சோறு இதற்கு அண்ணன் தம்பி உறவு. குக்கர் வந்த பிறகு ‘வடிப்பது சத்து போகிற வேலை’ என்று அதை ஏளனம் செய்தோம். சத்து போவதும் உண்மைதான், பி வைட்டமின்கள் கஞ்சியோடு போகின்றன. புழுங்கலரிசியில் அந்த இழப்பு குறைவு, நெல்லை அவிக்கும்போதே வைட்டமின் உள்ளே இறங்கிவிடுவதால். ஆனால் சத்தும் ஆர்சனிக்கும் சேர்ந்தே வடிகின்ற அந்தக் கஞ்சியை உப்புப் போட்டுக் குடிப்பதா, வேண்டாமா? நான் குடிக்கிறேன். எங்கள் ஊர்த் தண்ணீரில் ஆர்சனிக் கிடையாது. மேற்கு வங்கத்தின் மால்டா மாவட்டத்தில் பிறந்திருந்தால் கொட்டியிருப்பேன்.

புகையைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்த எதிரி. தெரியாத ஒன்று மட்டும்: ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்து முடிகையில் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் விடுகிற அளவு என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்தது. அப்பா சிகரெட் பிடித்தால் வெளியே போகச் சொல்கிற வீட்டில், குழந்தையின் தலைமாட்டில் சுருளைக் கொளுத்திக் கதவைச் சாத்துகிறோம். கொசுவலைக்குப் புகை கிடையாது. கடையில் பொதிந்து தருவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேப்பர் கப்பில் டீ, அச்சடித்த செய்தித்தாளில் பஜ்ஜி, நெகிழிப் பையில் சாம்பார் இவற்றுக்கெல்லாம் ஒரே பதில்தான்: சூடும் எண்ணெயும் புளிப்பும் எதன் மேல் பட்டாலும் அதிலிருந்து எதையாவது உரித்துக்கொண்டு வரும், வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி எடுத்துப் போவதில் என்ன வெட்கம்.

புளிப்பு என்றதும் ரசம் ஞாபகத்துக்கு வருகிறது. ரசத்தோடு ஈயச் சொம்பும்.

தமிழில் ஈயம் என்கிற ஒரே பெயரில் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன. ஒன்று வெள்ளீயம், மற்றது காரீயம். பித்தளை அண்டாவுக்கு உள்ளே பூசுவது வெள்ளீயம். கும்பகோணம் பக்கத்து ரசச் சொம்பும் வெள்ளீயம்தான், அப்படித்தான் இருக்க வேண்டும். அது உடம்புக்குப் பெரிய கெடுதல் செய்யாது. காரீயம் வேறு ஜாதி. எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும். வெள்ளீயத்தைவிடக் காரீயம் மலிவு. கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. புளியும் தக்காளியும் கொதிக்கிற பாத்திரத்தில் அது சும்மாவும் இருக்காது.

சந்தேகம் வந்தால் ஆர்க்கிமிடீஸைக் கூப்பிடலாம். வெள்ளீயம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம், காரீயம் 11.3 கிராம். 500 கிராம் எடையுள்ள சொம்பை, விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தில் முழுக்க முக்கினால், சுத்த வெள்ளீயமானால் 68 மில்லி தண்ணீர் வழியும். பாதிக்குப் பாதி காரீயம் கலந்திருந்தால் 56 மில்லிதான் வழியும். மருந்துக்கடை அளவுக் குப்பியை வைத்து அளந்துவிடலாம். பிள்ளைகளை வைத்துச் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இனிமையாகப் போகும். ஆனால் பத்தில் ஒரு பங்கு கலப்படத்துக்கு வித்தியாசம் இரண்டு மில்லிதான். சமையலறைக் கணக்கில் அது பிடிபடாது, காரீயத்துக்கோ பத்தில் ஒரு பங்கே தாராளம். ஆகவே இந்தச் சோதனை பெருந்திருடனைப் பிடிக்கும், சில்லறைத் திருடனை விட்டுவிடும். தெரிந்த கைவினைஞரிடம் வாங்கிய பாட்டி காலத்துச் சொம்பானால் வைத்துக்கொள்ளுங்கள். அண்மையில் எங்கோ வாங்கியதானால் கண்ணாடி அலமாரியில் அழகாக இருக்கும். ரசத்தை எவர்சில்வரில் வைத்தாலும் ரசமாகத்தான் இருக்கும்.

சொம்பு சில வீடுகளில்தான் உண்டு. இண்டாலியம் பாத்திரம் பல வீடுகளில் உண்டு. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இந்தியாவிலிருந்து போன சில இண்டாலியம் பாத்திரங்களிலிருந்து உணவுக்குள் காரீயம் கசிகிறது என்று எச்சரிக்கை விட்டது. இண்டாலியம் என்கிற அலுமினியக் கலவையில் காரீயத்துக்கு இடமே இல்லை. பழைய எஞ்சின் பாகங்களையும் கண்ட கண்ட கழிவு உலோகத்தையும் சேர்த்து உருக்கி வார்க்கிறபோது அது வந்து சேர்ந்துகொள்கிறது. எடைக்குப் போட்டு எடைக்கு வாங்கும் பெயரில்லாத வார்ப்புப் பாத்திரங்களில் புளிக்குழம்பு வைக்காமல் இருப்பது மேல்.

இப்போது உணவு எப்படி உதவுகிறது என்பதற்கு வருகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வயிற்றுக்குள் போன காரீயம் எல்லாம் இரத்தத்துக்குப் போய்விடுவதில்லை. பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, சின்னக் குழந்தைகளில் பாதி வரைகூட உள்ளே போகும். காரீயத்துக்கென்று குடலில் தனி வாசல் கிடையாது. இரும்பும் கால்சியமும் நுழைகிற வாசல்களில் அவற்றின் வேஷத்தில் நுழைகிறது. உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் என்ன செய்யும்? வாசல்களைக் கூட்டும், வருகிற இரும்பில் ஒரு துகளைக்கூட விடக்கூடாதென்று. கூட்டிய வாசல்களில் காரீயமும் தாராளமாக உள்ளே வரும். இரத்தசோகை உள்ள குழந்தையும் நல்ல சத்துள்ள குழந்தையும் ஒரே தூசியில் விளையாடினாலும், முன்னதன் இரத்தத்தில் காரீயம் அதிகம் ஏறுவது இதனால்தான். வெறும் வயிற்றில் இன்னும் அதிகமாக உறிஞ்சப்படும். எனவே காலையில் எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போ என்பது நல்ல அறிவுரை. முருங்கைக்கீரை, நூறு கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் வைத்திருக்கிற கேழ்வரகு, கூடவே இரும்பை உள்ளே அனுப்பும் வைட்டமின் சி உள்ள நெல்லிக்காய், இவையெல்லாம் நஞ்சை ‘வெளியேற்றும்’ உணவுகள் அல்ல. வாசலில் கூட்டத்தைக் குறைக்கிற உணவுகள். உள்ளே போனதை அவற்றால் எடுக்க முடியாது. இரத்தத்தில் ஏறிய காரீயம் ஒரு மாதத்தில் பாதியாகிறது என்றாலும், எலும்பில் போய்க் கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது பத்து முப்பது வருஷம் அங்கேயே இருக்கும். பெண் கருவுற்று, குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கும். அவள் சிறுமியாக இருந்தபோது தின்ற மண்.

உலகத்துக் குழந்தைகளில் மூன்றில் ஒன்றுக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருக்கிறது என்று 2020இல் யுனிசெஃப் கணக்கிட்டது. இந்தியாவில் அந்த எண்ணிக்கை 27 கோடியைத் தாண்டும். பெட்ரோலில் காரீயம் சேர்ப்பதை இந்தியா 2000இல் நிறுத்திவிட்டது. பிறகும் எங்கிருந்து வருகிறது? பழைய பேட்டரியைத் தெருவோரத்தில் உடைத்து உருக்குகிற பட்டறைகள், பழைய பெயிண்ட், பாத்திரம். கூடவே யாரும் எதிர்பாராத ஓரிடம், அஞ்சறைப்பெட்டி.

வங்கதேசத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளின் இரத்தத்தில் காரீயம் ஏன் அதிகம் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜென்னா ஃபோர்சைத்தும் டாக்காவின் ஐசிடிடிஆர்,பி ஆய்வு நிலையத்தாரும் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்களில் பேட்டரிப் பட்டறையும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. கடைசியில் மஞ்சள் அகப்பட்டது. வேகவைத்து, காயவைத்து, உருளையில் போட்டு மெருகேற்றும் இடத்தில் ஒரு மஞ்சள் நிறப் பொடியையும் சேர்த்து உருட்டினார்கள். லெட் குரோமேட். சாலைக் கோட்டுக்கும் இரும்புக்கும் அடிக்கிற மஞ்சள் பெயிண்டின் நிறம் அதுதான், எடையில் 64 சதவீதம் காரீயம். இந்த வழக்கம் 1980களில் தொடங்கியதாம். வெள்ளத்தில் நனைந்து நிறம் மங்கிய மஞ்சளை விற்க வேண்டியிருந்தது. பிறகு மங்காத வருஷத்திலும் பழக்கம் போகவில்லை, வாங்குகிறவர்களின் கண் பளிச்சென்ற மஞ்சளுக்குப் பழகிவிட்டது. விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் அரைத்தால் பிரச்சினை இல்லை என்று நம்மில் பலர் நம்புகிறோம். அங்கே பூச்சு ஏறியதே முழுக் கிழங்கின் மேல்தான்.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளத்தின் 23 நகரங்களில் 356 மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது 14 சதவீதத்தில் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. பாட்னாவில் ஒரு மாதிரி 1,000ஐத் தாண்டியது. நம் சட்டம் அனுமதிக்கிற உச்சம் 10.

இந்த இடத்தில் முறத்தால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த வீட்டுப் பெண்ணும் மஞ்சளை முகர்ந்து காரீயத்தைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. இதுவரை வீட்டுக்குள் செய்யக்கூடியதையே சொல்லிக்கொண்டு வந்தேன், அதற்கு எல்லை இருக்கிறது என்பதையும் எழுதியாக வேண்டும். வங்கதேச அரசு 2019இல் சந்தைகளில் நோட்டீஸ் ஒட்டியது. டாக்கா மொத்த வியாபாரச் சந்தைக்குக் கையில் பிடிக்கிற எக்ஸ்-ரே கருவியோடு அதிகாரிகள் போனார்கள். மஞ்சள் மூட்டையின் மேல் வைத்தால் அங்கேயே எண் காட்டும் கருவி அது. அபராதம் போட்டதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. மஞ்சள் மில் தொழிலாளர்களின் இரத்தத்தில் காரீயம் ஏறத்தாழ 30 சதவீதம் இறங்கியது. அதற்குக் கஷாயமும் தேவைப்படவில்லை, சாப்பாட்டு மாற்றமும் தேவைப்படவில்லை. ஒரு பொடி கடைக்கு வருவது நின்றது, அவ்வளவுதான்.

அந்தக் கருவி நம் சந்தைக்கு வரும்வரை, ஈரோட்டு மண்டியிலோ தெருமுனை மளிகையிலோ இரண்டு குவியல் வைத்திருந்தால், மெருகேறாமல் மேல்தோல் சொரசொரவென்று அழுக்கு நிறத்தில் கிடக்கிற மஞ்சளைக் கேளுங்கள். கடைக்காரர், ‘இது பார்வைக்கு நல்லா இருக்காது சார், அதை எடுத்துக்குங்க’ என்று பளபளப்பான குவியலைக் காட்டுவார்.